அந்தப் பிள்ளை இங்கே இல்லை

என் பேத்திக்கு மட்டி என்றால் உயிர். சாப்பிடுவதற்கு இல்லை. சாப்பிடுவதென்றால் அது நான்தான். தேங்காய்ப்பால் விட்டு, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்டால் சட்டியோடு என்னிடம் தந்துவிடலாம். அவளுக்கு மட்டியை அளக்க வேண்டும், நிறுக்க வேண்டும், ஓட்டில் இருக்கிற வரிகளை எண்ண வேண்டும். கொட்டியாரக் குடாவில் மட்டி ஏன் வரவரச் சிறுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முதன்முதலில் இதைச் சொன்னபோது நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். "அதுக்கு கம்பஸ் வரைக்கும் படிக்க வேணுமோடி? எங்கட கறிச்சட்டியைக் கேட்டாலே சொல்லுமே" என்றேன். "சிறுத்தது எண்டு சட்டி சொல்லும். ஏன் எண்டு சொல்லுமோ?" என்றாள். வாய்க்காரி. அந்த வாய் என்னிடமிருந்து போனது.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டெழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத்துக்கு ஏற்ற மாதிரிக் கொஞ்சம் நேராக்கிக்கொள்கிறாள். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடச் சொல்லியிருக்கிறேன். பேர் ஒன்றும் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அது ஏன் என்று போகப்போக விளங்கும்.

ஆராய்ச்சிக்காக அவள் கடலோடு சேர்கிற கட்டைபறிச்சான் களப்புக்குப் போவாள். கிண்ணியாவில் ஒருவர் இருக்கிறார், வள்ளம் வைத்திருப்பவர். நான் அவரை அண்ணன் முறைக்குக் காக்கா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எங்களில் யார் மூத்தவர் என்று இதுவரைக்கும் இரண்டு பேருமே ஒத்துக்கொண்டதில்லை. அவருடைய வள்ளத்தில்தான் பயணம். வாளி, அரிதட்டு, தண்ணீர்ப் போத்தல், தலைக்கு ஒரு பழைய சால்வை. களப்புச் சேறு தொடைவரைக்கும் இழுக்குமாம். வீட்டுக்கு வந்தால் குளியலறை முழுக்கச் சேறும் சிப்பியும். ஒருநாள் தண்ணீரில் மிதக்கிற சொறிமுட்டை பட்டுக் கை தடித்து, இரண்டு நாள் கரண்டி பிடிக்கவும் ஏலாமல் திரிந்தாள். இப்படி இரண்டு மாரி போனது.

அவள் போய்த் திரும்பும்வரைக்கும் எனக்கு நெஞ்சு அடங்காது. சேற்றுக்கும் தண்ணீருக்கும் மட்டுமென்றால் பரவாயில்லை. எங்கள் கடலில் போகக்கூடிய இடம் எது, போகக்கூடாத இடம் எது என்று தண்ணீரில் கோடு போட்டா வைத்திருக்கிறது? கொஞ்சம் தள்ளிப் போனால் கடற்படைப் படகு வந்து கை காட்டும். இப்போது கை மட்டும்தான் காட்டுகிறார்கள், அம்மம்மா, என்று அவள் சொல்வாள். இப்போது என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்போதுதான்.

அப்போது என்றால், சண்டைக் காலம், என் தம்பி இருந்த காலம். ஊரையே பாடசாலை மைதானத்தில் வெயிலில் இருத்தி வைத்து, ஒருவன் கடதாசியைப் பார்த்துப் பேர் வாசித்தான். தம்பியின் பேரும் வந்தது. அந்தப் பேரில் ஊரில் மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் குனிந்துகொண்டு இருந்துவிட்டார்கள். தம்பி பாடசாலையில் வரவு இடாப்பில் பேர் கூப்பிட்ட மாதிரி நினைத்தானோ என்னவோ, "ஓம்" என்று எழும்பினான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அவனைக் காணவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். தெரியாத ஆள் பேர் சொல்லிக் கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். யாரைக் கேட்டாலும் இல்லை. தண்ணீர்க் கட்டணம் வாங்க வந்த பிள்ளையிடம்கூட நான் என்னையே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். "அப்ப நீங்கள் ஆரம்மா?" என்று கேட்டான். "பக்கத்து வீடு" என்றேன். என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு.

ஒருநாள் பேத்தி கம்பஸால் வந்து, உடுப்பு மாற்றாமல், குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். நான் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன்.

"கட்டுரை முடிஞ்சுது, அம்மம்மா."

"நல்லது தானே. பின்னை ஏன் இந்த முகம்?"

"என்ர பேர் இல்லை."

"எங்க இல்லை?"

"மேல. ஆர் செய்தது எண்டு பேர் போடுற இடத்தில. கடைசியில நன்றி சொல்லுற இடத்தில போட்டிருக்கு. வாகனம் ஓட்டின அண்ணைக்கும் வள்ளக் காக்காவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு நன்றி."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் மனம் குளிர்ந்தது. கடதாசியில் பேர் இல்லையென்றால் நல்லதுதானே! உலக்கையை வைத்துவிட்டு, "விடு பிள்ளை. கண்ணூறும் இல்லை, கரைச்சலும் இல்லை" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன்.

பிறகுதான் ஆறஅமர விளங்கப்படுத்தினாள். இந்த ஆராய்ச்சிக்கு மேலே ஒரு சேர், கம்பஸில் படிப்பிக்கிறவர். அவர்தான் அவளை வேலைக்கு எடுத்தவர், கெட்ட மனிதர் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்குச் சொந்தத்தில் ஒரு பிள்ளை, அதே கம்பஸில். அந்தப் பிள்ளை ஒரேயொரு தரம் களப்புக் கரைக்கு வந்து, குடை பிடித்துக்கொண்டு நின்று, வெயில் ஏற முதல் வாகனத்துக்குள் ஏறியதாம். என் பேத்தியின் பேர் வர வேண்டிய இடத்தில் இப்போது அந்தப் பிள்ளையின் பேர். மேற்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கேட்டால், இதில் பேர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம். நன்றி சொன்ன இடத்தை ஒருத்தரும் பார்க்கமாட்டார்களாம்.

கலியாண வீட்டில் இப்படி நடப்பதைக் கண்டிருக்கிறேன். விடியமுதல் எழும்பிப் பானை பானையாக ஆக்கினவள் கரி பிடித்த கையோடு பின்பக்கத்தில் நிற்பாள். பட்டுச்சீலையோடு வந்து கடைசியில் கரண்டி பிடித்தவளைப் பார்த்துச் சபையெல்லாம் "என்ன ருசி, என்ன கைப்பக்குவம்" என்று சொல்லும். ஆக்கினவள் நான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த கலியாணத்துக்குக் கூப்பிடமாட்டார்களே.

"நான் கேக்கப் போறன்" என்றாள் பேத்தி.

"ஐயோ, கேளாதை பிள்ளை. பெரிய ஆக்கள். உன்ர வேலையும் போயிடும்."

"கேக்காமல் விட்டால் பேர் போயிடும்."

"பேர் போனால் போகட்டும். ஆள் இருந்தால் காணும்."

அவள் எழும்பிக் குளிக்கப் போனாள். அவள் கேட்டாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அடுத்த கிழமை அவள் களப்புக்குப் போயிருந்தாள். போகும்போது போனைக் கொண்டுபோகமாட்டாள். முன்னம் ஒன்றைச் சேறு விழுங்கிவிட்டது. அரிசி வாளி மூடியில் வைத்துவிட்டுப் போவாள். அடுப்பில் மட்டிக்கறி கொதிக்கிறது. போன் அடித்தது. அதற்கு அவள் ஒரு பாட்டு வைத்திருக்கிறாள், எனக்கு விருப்பமான பாட்டு. முழுக்கக் கேட்போம் என்று விட்டேன். நின்று, திரும்பவும் அடித்தது. சரி, வெளியூரில் இருக்கிற என் மகள், அவளின் தாய், எடுக்கிறாளாக்கும் என்று பச்சையை அமத்தினேன்.

ஆம்பிளைக் குரல். நிதானமான, மரியாதையான, கந்தோர் அதிகாரியின் குரல். என் பேத்தியின் முழுப்பேரையும் தகப்பன் பேரோடு சேர்த்துச் சொல்லி, "இது அவவின்ர நம்பர் தானே அம்மா?" என்றது.

வீட்டில் யாரும் அவளை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"நீங்கள் ஆர்?"

"ஒரு விசயம் விசாரிக்க வேணும். அவ கட்டைபறிச்சான் களப்புப் பக்கம் வள்ளத்தில போய் வாறவவோ? எவ்வளவு காலமாப் போறா? ஆரோட போறா?"

எங்கே போனாள், எவ்வளவு காலம், யாரோடு. இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டவன் நல்லதுக்குக் கேட்டதாக என் வாழ்க்கையில் நான் காணவில்லை.

"அப்பிடி ஒரு பிள்ளை இங்க இல்லை" என்றேன்.

"இல்லையம்மா, இந்த நம்பர்..."

"நம்பர் அவவின்ரதான். அவ ஒரு இடமும் போறேல்லை. வள்ளத்தில ஏறவே மாட்டா. தண்ணியைக் கண்டாலே பயம். வீட்டிலதான், தையல்."

"மட்டி சேகரிக்கப் போனவ எண்டு..."

"மட்டியோ! எங்கட வீட்டில மட்டி வாங்குறதும் இல்லை, தின்னுறதும் இல்லை."

அடுப்பில் கறி அந்த நேரம் பார்த்துப் பொங்கி நெருப்பில் வழிந்தது. அந்த மணம் போனுக்குள்ளால் போய்விடுமோ என்றுகூட ஒரு கணம் பயந்தேன், பாருங்கோ.

"சரி அம்மா, நன்றி" என்று வைத்துவிட்டார்.

போனை அரிசிக்குள் புதைத்தேன். மூடியை மேலே இறுக்கிப் போட்டேன். உள்ளுக்குள் ஒரு திருப்தி. என் தம்பிக்குச் செய்ய ஏலாமல் போனதை இவளுக்குச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் வந்ததும் கறியைப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டொரு நாளில் அவள் வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"அம்மம்மா, அண்டைக்கு என்ர போனை எடுத்தது நீங்களோ?"

"எந்தப் போன்?"

"அம்மம்மா!"

"போனோ? அது... அடிச்சது. எடுத்ததோ எண்டால்..."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு கதையைச் சொன்னாள். அந்தக் கட்டுரையில் சேரோடு சேர்ந்து வேலை செய்த இன்னொரு பெரியவர் இருக்கிறாராம், வேறு ஊர்க் கம்பஸில். பேத்தி அவருக்கு எழுதியிருக்கிறாள்: களப்பு வேலை முழுக்க நான்தான் செய்தது, என் பேரைக் காணவில்லை என்று. அவர் நேர்மையான மனிதர். ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு முடிவெடுக்க மாட்டேன், விசாரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் எழுதியனுப்பிய நம்பர்களுக்குத்தான் விசாரிக்கப் போன் எடுத்திருக்கிறார். எடுத்த இடத்தில் நான்.

"இப்ப சேர் என்ன சொல்லுறார் தெரியுமோ? 'பாருங்கோ, அவளின்ர வீட்டு ஆக்களே அவள் போகேல்லை எண்டு சொல்லினம்' எண்டு. வெள்ளிக்கிழமை கூட்டம். அதோட முடிவு."

"படம் கிடம் ஒண்டும் இல்லையோ?"

"கம்பஸ் கமராவால படம் எடுத்ததே நான் தானே. எல்லாம் மட்டி. நான் இருக்கிறதெண்டால் ஒண்டு ரெண்டில கை மட்டும்."

என்னைப் பேசியிருந்தால் ஆறியிருப்பேன். அவள் பேசவில்லை. "பேர் போனாலும் பரவாயில்லை, இப்ப நான் பொய்க்காரி" என்று மட்டும் சொன்னாள். பேர் இல்லாமல் இருந்தால் பத்திரம் என்று நான் நினைத்திருந்தேன். கெட்ட பேரை நானே வாங்கிக் கொடுத்துவிட்டேனே! முன்னைய பயம் வெளியில் இருந்து வருகிற பயம். இது என் வாயால் வந்த பயம். இதற்குக் கதவைப் பூட்டி ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்த நாள் அவள் கம்பஸுக்குப் போன பிறகு காக்கா மீனோடு வந்தார். பாரை இரண்டு. மீனைப் பார்க்கிற நிலையிலா நான் இருந்தேன்? வாசலில் வைத்தே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எனக்கும் போன் எடுத்த, அக்கா."

"ஆர்?"

"அந்த மனுசன்தான். 'நீங்கதான் அந்தப் புள்ளயக் கூட்டிப் போன வள்ளக்காரரா?' எண்டு கேட்ட."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எனக்கிட்ட வள்ளமே இல்ல எண்டு சொன்ன."

"காக்கா! எங்க இருந்துகொண்டு சொன்னீங்கள்?"

அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "வள்ளத்துக்குள்ள இருந்துதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு ஒரே நேரத்தில் இரண்டு பேரும் நிறுத்தினோம். வாகனம் ஓட்டினவர் சேரின் கீழ் வேலை செய்கிறவர்; அவரை விட்டால், அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் இருந்த சாட்சி நாங்கள் இரண்டு பேர்தான்.

"அந்த நம்பர் உங்கட போனில கிடக்கோ?" என்று கேட்டேன்.

"கிடக்கும். ஆனா எடுத்துக் கதைச்சா, நம்மட குரலும் நம்பரும் அவங்களுக்கிட்டப் போயிடுமே, அக்கா."

"நம்பர் எப்பவோ போயிட்டுது காக்கா. அவையள் தானே உங்களுக்கு எடுத்தது."

அதை அவர் யோசித்திருக்கவில்லை. நான் யன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று கேட்காதீர்கள். அவர் போனைத் தடவித் தடவி அந்த நம்பரைக் கண்டுபிடித்து, அமத்தி, மணி போகத் தொடங்கியதும், சுடுகிற கிழங்கைப் போல என் கையில் திணித்தார்.

"நீங்க கதைங்க."

"நீங்கள் ஆம்பிளை, நீங்கள் கதையுங்கோ!"

"நீங்கதானே சொந்தம்!"

"வணக்கம்" என்றது போன்.

அதே குரல். "நான்... மட்டிப் பிள்ளையின்ர அம்மம்மா" என்றேன்.

"அண்டைக்குக் கதைச்ச அம்மாவோ? சொல்லுங்கோ. உங்கட பேத்தி களப்புக்குப் போனவவோ?"

ஒரு சொல் சொல்ல வேண்டும். சின்னச் சொல், குழந்தையும் சொல்லும். எனக்கு அந்த மைதானம்தான் முன்னால் வந்தது. புல் காய்ந்து கிடந்த மைதானம். தம்பி எழும்பும்போது அவன் சாரத்தில் ஒட்டியிருந்த புல்கூட வந்தது. சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நெஞ்சு அடித்தது.

"அம்மா? இருக்கிறீங்களோ?"

"ஓம்" என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. வெளியில் ஒரு ஓட்டோ போன சத்தம். அவ்வளவுதான்.

பிறகு என் வாயை நிற்பாட்ட ஏலவில்லை. "ஓம், போனவள். இரண்டு மாரி போனவள். அவளின்ர உடுப்பைத் தோய்ச்சது நான், சேறு போகவே போகாது. சொறிமுட்டை பட்ட கைக்கு மருந்து பூசினது நான். குளியலறையில சிப்பி குத்தி என்ர கால் வெட்டினது. அளந்து முடிச்ச மட்டியைக் கறி வைச்சதும் நான்தான், அதைக் களவெண்டு நினைக்காதேங்கோ. கூட்டிக்கொண்டு போன வள்ளக்காரரும் இந்தா பக்கத்தில நிக்கிறார்."

காக்கா இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையையும் ஆட்டினார். நான் போனை அவர் காதில் வைத்து அமத்தினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஓம் சேர், வள்ளம் இருக்கு சேர், நான்தான் கூட்டிப் போன சேர்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்பவும் என்னிடம் தள்ளினார்.

"அப்ப அண்டைக்கு ஏனம்மா இல்லையெண்டு சொன்னீங்கள்?"

"தெரியாத ஆள் முழுப்பேர் சொல்லிக் கேட்டால் நாங்கள் அப்பிடித்தான் சொல்லுவம் தம்பி."

"விளங்குது" என்றார். "நான் முதல்லயே என்னை ஆரெண்டு சொல்லியிருக்க வேணும்." பிறகு, "கூட்டத்தில சொல்லுறதுக்கு உங்கட பேரைக் குறிச்சுக்கொள்ளட்டோ?"

பாருங்கோ, இதற்குத்தானே நான் இவ்வளவு காலமும் ஒளித்தேன். காக்காவைப் பார்த்தேன். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பேரைச் சொன்னேன், தகப்பன் பேரோடு. அவர் எழுதுகிற சத்தம் கேட்டது. பேனை கடதாசியில் உராய்வது போனுக்குள்ளால் கேட்காது என்று பேத்தி சொல்கிறாள். எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை வரைக்கும் எந்த மோட்டார்சைக்கிள் எங்கள் ஒழுங்கையில் வேகம் குறைத்தாலும் நான் எழும்பிப் போய் வாசல் படலை இடுக்கால் பார்த்தேன். பேத்தியிடம் போன் எடுத்த விசயத்தைச் சொன்னபோது அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அதற்கும் பயந்தேன். இன்னும் ஒன்றும் முடியவில்லையே. கூட்டம் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கதைக்கிற கூட்டம். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவடியில் வெங்காயம் உரித்தேன். சேரின் குரல் உயர்ந்தது, மற்றவரின் குரல் உயரவேயில்லை, என் பேத்தியின் குரல் நடுவில் ஒருமுறை உடைந்தது. உரித்த வெங்காயம் கலியாண வீட்டுக்குப் போதும்.

கதவு திறந்தது.

"போட்டினம்" என்றாள்.

முழு நியாயம் கிடைக்கவில்லை, என்கிறாள். முதலாவது பேர் சேருடையது. அது தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போதும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இரண்டாவது அவள். குடை பிடித்த பிள்ளையும் போகவில்லை, கடைசியில் நிற்கிறது. சேர் அவளோடு இப்போது தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாராம். வேலை இன்னும் இருக்கிறது. எவ்வளவு காலம் இருக்கும் என்று நான் நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை. மேற்படிப்புக்கு இரண்டாவது பேர் போதுமா என்று கேட்டேன். "கேட்டுப் பாப்பம்" என்றாள். கேட்கிறது அவளுக்குப் பழகிவிட்டது.

காக்காவுக்கு நன்றி சொல்கிற இடத்தில் என்ன பேர் போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். "என்ர பேர் வேணாம் மகள், வள்ளத்துட பேரப் போடுங்க" என்றாராம். போட்டிருக்கிறார்கள். உலகத்திலேயே நன்றி வாங்கிய ஒரே வள்ளம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு வந்து, வள்ளத்தின் பேர் எங்கே என்று என்னிடம் கேட்கிறார், ஏதோ எனக்கு வாசிக்கத் தெரிந்த மாதிரி.

கட்டுரை வெளியே வந்த அன்று மத்தியானம் பேத்தி முதற் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். என் விரலைப் பிடித்து அவளுடைய பேரின்மேல் வைத்தாள். கறுப்பாக, சின்னதாக, எறும்பு வரிசை போல இருந்தது. தடவிப் பார்த்தேன். எனக்கு வந்த சந்தோசத்தில் அவள் தலையில் ஒரு கொத்து முத்தம் வைத்தேன்.

"இதை ஆரார் பார்ப்பினம்?" என்று கேட்டேன்.

"உலகம் முழுக்கப் பாக்கலாம், அம்மம்மா."

"உலகம் முழுக்கவோ?"

"ஓம்."

நான் எழும்பிப் போய், அந்தப் பட்டப்பகலில், வாசல் படலையைக் கொளுவிப் பூட்டுப் போட்டேன். பிறகு திரும்பி வந்து கதிரையில் இருந்து, "இன்னொருக்கால் காட்டு பிள்ளை" என்று விரலை நீட்டினேன்.